கோட்டின் மேல் ஒரு சின்னக் கீறு

“அண்ணை, உங்களுக்கு இந்தப் பக்கத்துச் சந்து ஒழுங்கையள் எல்லாம் தெரியுமோ?”

திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் இருக்கிற எங்கள் ஓட்டோத் தரிப்பிடத்துக்கு வந்து அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி அது. கம்பஸில் புள்ளிவிபரம் படிப்பிக்கிற பிள்ளை. முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தோளில் கறுப்புப் பை, கையில் குடை. ஒரு ஆராய்ச்சிக்காகச் சில வீடுகளைத் தேட வேண்டும், கிழமைக்கு இரண்டு நாள்படி ஒரு மாதத்துக்கு ஓட்டோ வேண்டும் என்றார்.

“ஒழுங்கை தெரியாட்டி ஓட்டோ எதுக்குத் தங்கச்சி?” என்று பக்கத்தில் நின்றவன் முந்திக்கொண்டு சொன்னான். ஆனால் வரிசையில் முன்னுக்கு நின்றது என்ரை ஓட்டோ. எல்லாம் தெரியும் என்று ஏறச் சொன்னேன்.

“முதல் தெல்லிப்பழை ஆசுபத்திரிக்கு விடுங்கோ. அங்கை ஒரு பட்டியல் எடுக்க வேணும்.”

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி “அவ தெல்லிப்பழைக்குப் போறவ” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், அதற்குப் பிறகு புற்றுநோய் என்று வருத்தத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பெற்றோல் முள் பாதிக்குக் கீழே வந்தால் பயம். மகள் ரெலிபோன் எடுக்காவிட்டால் பயம், எடுத்தால் இந்த நேரத்தில் ஏன் எடுக்கிறாள் என்று பயம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்ற எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்ற எண்ணம் எப்போதும் உள்ளுக்குள் கிடக்கும். ஆனால் அன்றைக்கு வந்த பயத்துக்குச் சரியான காரணம் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் மனிசிக்கு மார்பில் கட்டி கண்டு ஆறு வருஷம். ஒரு பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது, பிறகு முளைத்தது. நாலு வருஷம் கிளினிக்குக்கு என்ரை ஓட்டோவில்தான் போய்வந்தோம். அயலுக்குக் கோயிலுக்கு என்று சொன்னோம். “உங்கடை வீட்டிலை நல்ல பக்தி” என்று முன்வீட்டு அக்கா ஒருநாள் சொல்ல, மனிசி உள்ளே ஓடிப்போய்த் துவாயை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆசுபத்திரியில் முதல் நாள் விலாசம் கேட்டபோது நான் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுக்கவில்லை. வட்டுக்கோட்டையில் இருக்கிற மனிசியின் தங்கச்சி வீட்டு விலாசத்தைக் கொடுத்தேன். மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. கலியாணப் பேச்சுக்கு இன்னும் எவ்வளவோ காலம் கிடந்தது. ஆனால் ஓட்டோக்காரனுக்குத் தெரியும், பேச்சுக்கால் தொடங்கினால் மாப்பிள்ளை பகுதி முதலில் வருவது பெண் வீட்டுக்கு அல்ல, எங்களிடம்தான். “தம்பி, அந்த மதில் வீடு எப்பிடி ஆக்கள்?” என்று மெல்லக் கேட்பார்கள். கன காலத்துக்கு முன் அப்படி இரண்டு பேர் ஒரு வீட்டைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். அருமையான சனம் என்று சொன்ன நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். “அந்த அம்மாவை நான்தான் தெல்லிப்பழைக்கு ஏத்திக்கொண்டு போறனான், பாவம்” என்றும் சொன்னேன். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று பயந்த ஆட்கள். அந்தச் சம்பந்தம் நின்றது. யார் வாயால் நின்றது என்று அந்த வீட்டுக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்குப் பேச்சுக்கால் தொடங்கியது. “கலியாணம் முடியுமட்டும் கிளினிக் வேண்டாம்” என்று மனிசியை மறித்தவன் நான். குளிசையை மட்டும் டொக்டரின் பழைய துண்டைக் காட்டி ரவுண் மருந்துக் கடையில் வாங்கினோம். கலியாணம் நல்லபடி முடிந்து எட்டு மாதமாகியும் நான் அவளைத் திரும்பக் கூட்டிப்போகவில்லை. இப்போது என் பயம் சனத்துக்கு அல்ல. இரண்டு வருஷம் பார்க்காமல் விட்ட உடம்பைப் பார்த்து டொக்டர் என்ன சொல்லப்போகிறார் என்ற பயம்.

அந்தப் பிள்ளை ஆசுபத்திரியிலிருந்து பட்டியலோடு வந்து ஏறியது.

“கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்து, பேந்து வராமல் விட்ட ஆக்களைத் தேட வேணும் அண்ணை. ரெலிபோன் இலக்கம் ஒண்டும் வேலை செய்யேல்லை. உங்களுக்குப் பேர் சொல்ல மாட்டன், விலாசம் மட்டும் வாசிப்பன். வாசல் படலையடியிலை என்ன வருத்தமெண்டும் கதைக்க மாட்டன். நீங்களும் ஒண்டும் கேக்கப்படாது.”

“ஓம் தங்கச்சி.”

வேண்டாம் என்று சொல்லி இறக்கிவிட்டிருக்கலாம். ஆனால் நான் விட்டால் இன்னொருவன் ஓட்டுவான். எனக்குத் தெரியாமலே வட்டுக்கோட்டை ஒழுங்கைக்குள் போய் நிற்பார்கள். நான் ஓட்டினால் கைபிடியாவது என் கையில் இருக்கும். பயந்தவனின் யோசனை அப்படித்தான் போகும்.

முதல் நாள் நாலு விலாசம். நாலிலும் ஆள் இல்லை. ஒன்று பூட்டிக் கிடந்த அரிசி ஆலை. இரண்டு வீட்டில் புதிதாகக் குடிவந்த ஆட்கள். நாலாவது வீட்டில் ஒரு பெண் படலையைப் பாதி திறந்து, “அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை” என்றாள். சொல்லிவிட்டு, “ஏன், அவவுக்கு என்ன?” என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். படலை மூடிக்கொண்டது.

“இவ்வளவு விலாசத்தையும் பிழையாய் எழுதுவினமோ அண்ணை?” என்று பிள்ளை கேட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மல்லாகத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். மனம் கேட்கவில்லை.

“தங்கச்சி, கேக்கப்படாது எண்டனீங்கள். ஒண்டே ஒண்டு. அவை இருந்தால் உங்கடை ஆராய்ச்சிக்கு என்ன, செத்திருந்தால் என்ன?”

பிள்ளை என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பக்கத்தில் கிடந்த மர வாங்கில் விரித்தது. அதில் இலக்கம் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது ஒரு கோடு. இடப்பக்கம் உச்சியில் தொடங்கி, படி படியாக இறங்கி வலப்பக்கம் போனது.

“இதிலை தொடங்குது, வருத்தம் கண்டுபிடிச்ச நாள். எல்லாரும் உயிரோடை, அதாலை கோடு உச்சியிலை. வலப்பக்கம் போகப் போக மாதம், வருஷம். ஒராள் மோசம் போனால், அதுதான் செத்தால், கோடு ஒரு படி இறங்கும்.”

“ஒவ்வொரு படியும் ஒராளோ?”

“ஓம் அண்ணை. சில இடத்திலை ரெண்டு பேர்.”

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். குடித்துக்கொண்டு பார்க்கிற பொருளாக அது எனக்குப் படவில்லை. நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த கோடு வேறு. அது கிணற்றுக்குள் கல்லுப் போட்டதுபோல் நேரே கீழே போகும். இந்தக் கோடு அப்படி விழவில்லை. ஒரு படி இறங்கி, பிறகு நீளமாக நடந்து, இன்னொரு படி இறங்கியது. அந்த நடக்கிற இடமெல்லாம் யாரோ சமைத்துக்கொண்டும் உடுப்புத் தோய்த்துக்கொண்டும் இருந்த நாட்கள். கோட்டின் மேல் அங்கங்கே நெருப்புக்குச்சி நட்டதுபோல் சின்னச் சின்னக் கீறுகள் நின்றன.

“இந்தக் கீறு?”

“அதுதான் நாங்கள் தேடுற ஆக்கள். காணாமல்…” என்று தொடங்கிய பிள்ளை நிறுத்திவிட்டது. “அந்தச் சொல்லை இஞ்சை இதுக்குப் பாவிக்கேலாது, அது சண்டையிலை துலைஞ்ச ஆக்களுக்குரியது. வரவு நிண்டவை எண்டு சொல்லுவம். அவ கடைசியாய் வந்த நாளிலை இந்தக் கீறு. அண்டைக்கு வரைக்கும் அவ உயிரோடை இருந்தவ எண்டது மெய். அதுக்குப் பிறகு தெரியாது. தெரியாததைச் செத்ததெண்டு எழுதேலாது, இருக்கிறா எண்டும் எழுதேலாது. ஆனால் அவ இருந்த நாளைத் தூக்கி எறியவும் ஏலாது. நாலு வருஷம் வந்தவ எண்டால் அந்த நாலு வருஷமும் கணக்கிலை நிக்கும்.”

நாலு வருஷம். பிள்ளை ஏதோ உதாரணத்துக்குத்தான் சொன்னது. எனக்கு மேல் புல்லரித்தது. கோயில் என்று பொய் சொல்லிப் போன ஒவ்வொரு பயணமும், வழியில் அவள் சத்தி எடுக்க நான் ஓட்டோவை ஓரம் கட்டியதும், முளைத்த மயிரை முதன்முதலில் கண்ணாடியில் பார்த்து அவள் “முள்ளம்பன்றி” என்றதும், ஒன்றும் வீணாகாமல் ஒரு தாளில் கோட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குத் தெரியாமலே.

நான் கேட்டேன். “காங்கேசன்துறை பஸ்ஸிலை ஏறினவன் சுன்னாகத்திலை இறங்கின மாதிரியோ? சுன்னாகம் வரைக்கும் பஸ்ஸுக்குள்ளை இருந்தவன். அங்காலை எங்கை போனவன் எண்டு கொண்டக்டருக்குத் தெரியாது.”

“அண்ணை!” பிள்ளை சிரித்துவிட்டது. “நான் வகுப்பிலை ஒரு மணித்தியாலம் மினக்கெடுறது இதுக்குத்தான். ஆனால் ஒரு சிக்கல் கிடக்கு. சுன்னாகத்திலை இறங்கினவை சும்மா இறங்கினவையோ, உடம்புக்கு ஏலாமல் இறங்கினவையோ? ஏலாமல் இறங்கினவை எண்டால் என்ரை கோடு பொய் சொல்லும். இருக்கவேண்டிய இடத்துக்கு மேலை நிக்கும். வயது, கட்டியின்ரை அளவு, கக்கத்திலை நெறி கட்டினதோ, எவ்வளவு பிந்தி வந்தவ, எல்லாத்தையும் போட்டுப் பாக்கலாம். ஆனால் ஏன் வரேல்லை எண்டது ஒரு கொப்பியிலையும் இல்லை.”

எனக்குத் தெரிந்திருந்தது. இவ்வளவு படித்த ஒருவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

“கன பேர் ஏலாமல் இறங்கேல்லைத் தங்கச்சி. ஒளிச்சு இறங்கினவை.” பேச்சுக்காலையும், விசாரிப்பையும், சொந்தக்காரர் வீட்டு விலாசத்தையும் சொன்னேன். என்னைச் சொல்லவில்லை. “படலையடியிலை பேரைக் கேளாதேங்கோ. ‘உங்கடை அக்கான்ரை சுகம் கேட்டு வந்தனான்’ எண்டு கேளுங்கோ. அக்கா இருந்தால் முகம் சொல்லும்.”

அப்படித்தான் ஆட்கள் கிடைக்கத் தொடங்கினார்கள். நாக்கைக் கடித்த பெண்ணிடம் முதலில் போனோம். அவள் எங்களை உரும்பிராய்க்கு அங்காலை ஒரு தோட்டத்துக்கு அனுப்பினாள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறி விட்டுக்கொண்டு நின்றார். சுற்றிவர ஒருவரும் இல்லாததால் பிள்ளை விஷயத்தைச் சொன்னது. நான் வரம்பில் தள்ளி நின்றேன், ஆனால் அந்த அம்மாவின் குரல் எங்கும் கேட்கிற குரல்.

“நான் செத்துப்போனன் எண்டு எழுதிப்போட்டியளோ?”

“இல்லையம்மா. எங்களுக்குத் தெரியேல்லை எண்டுதான் கிடக்கு.”

“தெரியேல்லையோ? பின்னை இஞ்சை தண்ணி மாறுறது ஆர், பேயோ? பிள்ளை, வாய்க்காலை மிதியாதை! அங்காலை நில். எழுது, வடிவாய் எழுது. இருக்கிறா, ஆனால் நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமிருதில்லை எண்டு எழுது.”

திரும்பும்போது இரண்டு கை நிறைய வெங்காயத்தாளைத் தந்தார். ஓட்டோ முழுக்க அந்த மணம். எனக்குக் கண் கலங்கியதை அதன்மேல் சாட்டலாம்போல் இருந்தது.

எல்லா வீடும் அப்படி இல்லை. சில வீட்டில் பிள்ளை போன வேகத்திலேயே, குடையை விரிக்க மறந்து வெயிலில் திரும்பி வந்தது. “படியோ?” என்று கேட்பேன். “படி, அண்ணை” என்று சொல்லும். வீட்டுக்காரர் திகதி சொல்ல மாட்டார்கள். ஆனி மாதத்து அபரபக்க அட்டமி என்று சொல்வார்கள், திவசத்துக்கு அதுதான் தேவை என்பதால். பிள்ளையின் கணக்குக்குத் திகதி வேண்டும். நான் சீற்றுக்குக் கீழே பழைய பஞ்சாங்கங்கள் வைத்திருக்கிறவன். நல்ல நேரம் பார்க்காமல் ரயர் மாற்றாத ஆள். ஒழுங்கைக் கரையில் ஓட்டோவை விட்டு, நான் திதியைத் தேட, பிள்ளை திகதியை எழுதும்.

மூன்றாம் கிழமை ஒருநாள் பிள்ளை பட்டியலைப் பார்த்து வாசித்தது. “வட்டுக்கோட்டை…” மிச்சத்தை எனக்கு வாசிக்கத் தேவையில்லை.

கல்லூரி வளவைத் தாண்டினேன். வயல் வந்தது. ஒழுங்கை வாய் வந்தது. நேரே போனேன்.

“அண்ணை, அந்த ஒழுங்கையெல்லோ?”

திருப்பிக்கொண்டு வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன்.

“என்னண்ணை, ஒழுங்கையெல்லாம் தெரியுமெண்டனீங்கள்?”

எஞ்சினை நிறுத்தினேன். “தங்கச்சி, அந்தப் படலையைத் தட்ட வேண்டாம். அது என்ரை மனிசியின்ரை தங்கச்சி வீடு. விலாசம் குடுத்தவன் நான்.”

கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. திட்டினால் திட்டட்டும் என்று இருந்தேன். பின் சீற்றில் பேனை மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் சுகம் விசாரித்துத் தாளை எடுத்ததும் கேட்கிற கேள்வியை, அதே குரலில் பிள்ளை என்னிடம் கேட்டது.

“அண்ணை, அவ இருக்கிறாவோ?”

இவ்வளவு நாளும் எத்தனையோ படலையில் இந்தக் கேள்வி விழுந்ததை நான் ஓட்டோவில் இருந்து கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த ஓம் லேசில் வரவில்லை.

“ஓம். இண்டைக்குக் காலமை எனக்குப் புட்டு அவிச்சுத் தந்தவ. சம்பல் உறைப்பெண்டு சொன்னதுக்குச் சண்டை பிடிச்சவ.”

பிள்ளை அன்றைய திகதியை எழுதியது. பிறகு தாளைத் திருப்பி எனக்குக் காட்டியது. நாலு வருஷத்தில் நின்ற கீறு ஒன்றை வெட்டிவிட்டு, வலப்பக்கம் தள்ளி ஆறு வருஷத்தில் புதிதாக ஒன்றைப் போட்டிருந்தது. என் வாயிலிருந்து வந்த ஒரு ஓம், இரண்டு வருஷ நீளத்துக்கு ஒரு கோட்டைத் தாங்கியது. அந்தத் தாளைத் தொட எனக்குக் கை வரவில்லை.

“இனி எவ்வளவு காலமெண்டு இந்தக் கோட்டைப் பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி” என்று கேட்டேன். மூன்று கிழமையாகக் கேட்க நினைத்ததும் கேட்கப் பயந்ததும் அதுதான்.

“கோட்டுக்கு உங்கடை மனிசியைத் தெரியாது அண்ணை. அவவைப் போலை கன பேரைத் தெரியும். நூறு பேர் ஏறினால் எத்தனை பேர் தூரம் போவினம் எண்டு சொல்லும். ஆர் ஆர் எண்டு சொல்லாது. கிளினிக்கிலை டொக்டர் அவவைத்தான் பாப்பார், கோட்டை இல்லை. கூட்டிக்கொண்டு போங்கோ.”

அதற்குள் படலை திறந்து மச்சாள் வெளியே வந்துவிட்டாள். “அத்தான்! என்ன, ஒழுங்கையடியாலை அங்காலையும் இஞ்சாலையும் ஓடித் திரியிறியள்? அக்காக்கு ஏதுமோ?”

“ஒண்டுமில்லை, நல்லாயிருக்கிறா” என்றேன். இரண்டாவது தடவை சொல்ல லேசாக இருந்தது.

அன்று பின்னேரம் மனிசி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டு நின்றாள்.

“இஞ்சேரும், நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம்.”

“ஏன், உங்கடை பக்தி திரும்பி வந்திட்டுதோ?”

எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, கீறு, பஸ், வெங்காயத்தாள். அவள் கழனித் தண்ணியை ஊற்றிவிட்டுச் சிரித்தாள். “அப்ப மூண்டு கிழமையாய் ஊரெல்லாம் தேடித் திரிஞ்சது என்னையோ? அடுப்படியை ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாமே?”

பிறகு சிரிப்பு நின்றது. “குளிக்கேக்கை ஒவ்வொரு நாளும் மற்றப் பக்கத்தைத் தடவிப் பாக்கிறனான். உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டியள்.”

“மருமகன் பகுதிக்குத் தெரிஞ்சால்…”

“அவருக்குத் தெரியும். கலியாண எழுத்து முடியமுதலே எங்கடை மகள் சொல்லிப்போட்டாள். அவர்தான் உந்தக் குளிசைக்குக் கொழும்பிலையிருந்து ஒருக்கா காசு அனுப்பினவர். மாமாக்குச் சொல்ல வேண்டாம், யோசிச்சே வருத்தக்காரனாப் போவார் எண்டவராம்.”

எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது என்று நான் ஆயுள் முழுக்கப் பயந்தது கடைசியில் உண்மையாக இருந்தது. அது இப்படி ஒன்றாக இருக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. இரண்டு வருஷம் தன் பயத்தையும் என் பயத்தையும் சேர்த்துச் சுமந்த அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

டொக்டர் ஏசினார். என்னைத்தான் ஏசினார். படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சில கிழமை கழித்து வரச் சொன்னார்கள். அந்தக் கிழமைகளில் நான் சாப்பிட்டது அவளுக்காகத்தான்.

மறுபடி போன அன்று வெளி வாங்கில் இருந்தேன். வரிசையில் பெண்கள். ஒருத்தி துவாயால் தலையைக் கட்டியிருந்தாள், ஒருத்தி பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். முன்பும் இதே வாங்கில் இருந்திருக்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது வருத்தம் மட்டும்தான். இப்போது ஒவ்வொருத்தியும் தன் தன் நாளில் ஒரு கோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருப்பதுபோல் தெரிந்தது. அவர்களில் ஒருத்திக்கும் அது தெரியாது. எழும்பி நிற்கவேண்டும்போல் வந்தது. எழும்பியும் விட்டேன். “அண்ணை, நம்பர் கூப்பிட்டதோ?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்க, வெட்கப்பட்டுத் திரும்பவும் வாங்கில் இருந்தேன்.

உள்ளேயிருந்து மனிசி வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அப்படித்தான்.

“இப்போதைக்குப் புதிசாய் ஒண்டும் தெரியேல்லையாம். ஆறு மாதத்தாலை வரட்டாம்” என்றாள். பிறகு, “மூச்சை விடுங்கோ” என்றாள்.

அடுத்த திகதி போட எழுதுகிற மேசைக்குப் போனோம். மேசையில் இருந்தவர் கொப்பியைப் புரட்டி, “விலாசம் அதே வட்டுக்கோட்டைதானோ?” என்று கேட்டார்.

“இல்லை. மாத்த வேணும்” என்று முன்னுக்குப் போனேன். வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், என் ரெலிபோன் இலக்கம், மகளின் இலக்கம், மருமகனின் இலக்கம் எல்லாம் சொன்னேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். “ஒழுங்கைக்குள்ளை வந்து இடக்கைப் பக்கம் மூண்டாவது படலை. நீலப் பெயின்ற். தெரியாட்டிச் சந்தை ஓட்டோத் தரிப்பிடத்திலை ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்.”

“அண்ணை, விலாசம் போதும்” என்றார் அவர்.

“எழுதிக்கொள்ளுங்கோ” என்றேன். “ஆரும் தேடி வந்தால் சுகமாய்க் கண்டுபிடிக்க வேணும்.”